சுவருக்கு வர்ணம் எவ்வளவு? அளவும் செலவும் மதிப்பிடும் முறை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில், ஹெப்பகோடி என்னும் ஊர் அமைந்துள்ளது. பொம்மசந்திரா தொழிற்பேட்டை இதற்கு மிக அருகில் உள்ளது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்ற மெட்ரோ ரயில் பாதையில் இவ்வூருக்கும் ஒரு நிலையம் உண்டு. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிய வருவோருக்காக வரிசை வரிசையாக வாடகை அறைகள் எழும்பும் இத்தகைய ஊர்களில், ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு சுவருக்கு வர்ணம் பூசப்பட்டுக்கொண்டே இருக்கும். குடியிருந்தவர் அறையைக் காலி செய்தால் ஒரு பூச்சு. பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு விழா வந்தால் ஒரு பூச்சு. பண்டிகைக்கு ஒரு பூச்சு.

பூசுவதற்கு முன்னர் ஒரு கேள்வி எழும். "எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்?" என்று தலைமையாசிரியர் வினவுவார். பெயிண்டர் அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "இருபது லிட்டர் வேண்டும், சார்" என்பார். அவர் அனுபவசாலியாயின் அந்த மதிப்பீடு ஓரளவு பொருந்தவும் கூடும். எனினும் அது எவ்வாறு வந்தது என்பதைச் சரிபார்க்க வழியில்லை. குறைவாக வாங்கினால், இறுதிச் சுவர் இரண்டாவது பூச்சின்றி நிற்கும். பின்னர் வாங்கும் வர்ணம் முதலில் வாங்கியதனோடு நிறத்தில் இசையாது போகலாம். மிகுதியாக வாங்கினால், பராமரிப்புக்கென ஒதுக்கிய சிறு தொகையின் ஒரு பகுதி டப்பாவிலேயே காய்ந்து கெடும். இரண்டிலும் மனவருத்தம் பெரும்பாலும் பெயிண்டருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடையே வந்து முடிகின்றது.

இதனைத் தவிர்க்கும் கணக்கு ஐந்தாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடியதே. பூசவேண்டிய பரப்பைப் பூச்சுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு லிட்டர் வர்ணம் பரவும் பரப்பால் வகுத்தால் வேண்டிய லிட்டர் கிடைக்கும். இம்மூன்று எண்களில் முதலாவதை அளவு நாடா தரும். இரண்டாவதை நாமே தீர்மானிக்கின்றோம். மூன்றாவதை மட்டும் எந்தப் புத்தகமும், எந்த டப்பாவும் நமக்குத் துல்லியமாகச் சொல்ல இயலாது. அதனை நம் சுவரிடமே கேட்டறிதல் வேண்டும். அதற்குரிய எளிய முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வர்ணம் சுவரில் என்ன ஆகின்றது?

டப்பாவிலுள்ள வர்ணத்தில் மூன்று முக்கியப் பொருள்கள் உள்ளன: நிறத்தையும் மறைக்கும் ஆற்றலையும் தரும் நிறமி, நிறமித் துகள்களை ஒன்றோடொன்றும் சுவரோடும் ஒட்டவைக்கும் பிணைப்புப் பொருள், இவ்விரண்டையும் பூசுவதற்கேற்ற குழம்பாக வைத்திருக்கும் நீர் அல்லது கரைப்பான். சுவரில் பூசியபின் நீரோ கரைப்பானோ ஆவியாகி மறைந்துவிடும். முன்னிரண்டும் சேர்ந்து மெல்லிய படலமாக எஞ்சும். நாம் விலை கொடுத்து வாங்குவது உண்மையில் அந்தப் படலத்தையே.

ஒரு லிட்டர் வர்ணத்தை 10 சதுர மீட்டரில் சீராகப் பரப்பினால், ஈரப் படலத்தின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரான் ஆகும். அவ்வர்ணத்தின் கன அளவில் நூற்றுக்கு 40 பங்கு திடப்பொருள் எனக் கொண்டால், காய்ந்தபின் 40 மைக்ரான் தடிப்பு எஞ்சும். அதே லிட்டரை நீர் சேர்த்து இளக்கி 20 சதுர மீட்டரில் இழுத்தால் 20 மைக்ரானே எஞ்சும். சேர்த்த நீர் முழுவதும் காற்றோடு போய்விடும். திடப்பொருள் ஒரு துளியும் கூடுவதில்லை. அளவுக்கு மீறி நீர் கலந்து வர்ணத்தை மிச்சப்படுத்தியதாகக் கூறுவோர் உண்மையில் படலத்தையே குறைத்துள்ளனர்.

வெள்ளை வர்ணத்தின் மறைக்கும் ஆற்றலுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமியே முக்கியக் காரணம். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, பிணைப்புப் பொருளின் எண் ஏறத்தாழ 1.5. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகையால் ஒளி பல திசைகளிலும் சிதறி, அடியிலுள்ள கறை கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. சுண்ணக்கட்டித் தூளின் எண் ஏறத்தாழ 1.6 மட்டுமே. ஆதலால் அது மிகுதியாகவும் டைட்டானியம் குறைவாகவும் உள்ள மலிவான வர்ணத்தில் பழைய கறையை மறைக்க மூன்றாவது பூச்சும் தேவைப்படலாம். லிட்டர் விலையை மட்டும் ஒப்பிடுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

பரப்பை அளத்தல்

கட்டட வேலையில் 100 சதுர அடியை ஒரு "சதுரம்" என வழங்குவர். 1 சதுர மீட்டர் 10.76 சதுர அடியாகையால், ஒரு சதுரம் ஏறத்தாழ 9.3 சதுர மீட்டருக்குச் சமம். பெயிண்டர் ஒரு சதுரத்துக்கு இன்ன தொகை என்று கூலி சொன்னால், அது தரையின் சதுரமா, பூசும் பரப்பின் சதுரமா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பின்னர் எழும் சச்சரவுகளில் பல இந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றன.

தரைப்பரப்பை மூன்றால் பெருக்கினால் சுவரும் கூரையும் சேர்ந்த பரப்பு கிடைக்கும் என்னும் ஒரு வாய்பாடு வழக்கில் உள்ளது. இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 10 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். தரை 90 சதுர மீட்டர். சுவர்கள் 114, கூரையின் உட்புறம் 90, ஆக 204 சதுர மீட்டர். இது தரையின் 2.3 மடங்கே. இனி, 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள வாடகை அறைகள் பத்தினைக் கொள்வோம். இவற்றின் மொத்தத் தரையும் 90 சதுர மீட்டரே. ஆயினும் ஒவ்வோர் அறையிலும் சுவர் 36, கூரை 9, ஆக 45 சதுர மீட்டர். பத்து அறைகளுக்கு 450. இது தரையின் 5 மடங்கு.

மூன்று மடங்கு வாய்பாட்டை நம்பினால் இரண்டு இடத்துக்கும் 270 சதுர மீட்டர் என்றே கணக்கு வரும். கூடத்தில் 66 சதுர மீட்டருக்குரிய வர்ணம் மீதமாகும். வாடகை அறைகளில் 180 சதுர மீட்டர் வெறுமையாக நிற்கும். இடம் சிறு அறைகளாகப் பிரியப் பிரியத் தரைக்கு ஒப்பச் சுவர் மிகும் என்பதே இதற்குக் காரணம். ஹெப்பகோடி போன்ற ஊர்களின் ஒற்றை அறை வரிசைகளுக்கு மதிப்பீடு செய்வோர் இதனை முக்கியமாக நினைவில் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு சுவரையும் தனித்தனியே அளப்பதற்குப் பத்து நிமிடமே செலவாகும்.

திறப்புகளும் மரவேலையும்

கதவு, சன்னல் ஆகியவற்றின் பரப்பைச் சுவரிலிருந்து கழிப்பதற்கு ஒப்பந்த வேலைகளில் விதிகள் உள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1200 என்னும் அளவீட்டுத் தரம் கூறும் முறையின் சாரம் இது: 0.5 சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குக் கழிவு இல்லை. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்பை, சுவரின் இருபுறமும் ஒரே பூச்சு பெறும்போது, ஒரு புறத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். திறப்பின் பக்கவாட்டுச் சுவர்த் தடிப்பைத் தனியே சேர்க்க வேண்டியதில்லை. 3 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இருபுறமும் கழித்து, பக்கவாட்டுத் தடிப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிக்காது விட்ட பரப்பும் சேர்க்காது விட்ட தடிப்பும் ஒன்றுக்கொன்று ஈடாகும் என்பதே இவ்விதியின் அடிப்படை. இது கூலி கொடுப்பதற்கான அளவு. வர்ணம் வாங்குவதற்கு உண்மையான பரப்பையே கணக்கிடுதல் நன்று.

கதவுகளையும் சன்னல்களையும் பொறுத்தவரை வேறொரு நுட்பம் உண்டு. அவற்றின் விளிம்புகளும் பள்ளங்களும் சட்டங்களும் தட்டையான அளவில் அடங்குவதில்லை. ஆகவே மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்புகளில் அவற்றுக்குப் பெருக்கெண்கள் தரப்பட்டுள்ளன. சட்டமும் பலகையும் சேர்ந்த கதவுக்கு ஒவ்வொரு புறத்துக்கும் 1.30, சமதளக் கதவுக்கு 1.20, முழுதும் கண்ணாடி பொருத்திய சன்னலுக்கு 0.80. சாதாரண இரும்புக் கிராதிக்கு எல்லாப் பக்கமும் பூசுவதற்குமாகச் சேர்த்து 1 எனக் கொள்வர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறை. சுற்றளவு 26 மீட்டர். சுவர் மொத்தம் 83.2 சதுர மீட்டர். 1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள கதவு ஒன்று, 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் சன்னல் நான்கு. இவற்றின் பரப்பு 9.3. கரும்பலகை 3.6. திறப்புகளின் உட்புறத் தடிப்பு 15 சென்டிமீட்டர் எனின் அதன் பரப்பு ஏறத்தாழ 4. ஆகவே பூசவேண்டிய சுவர், 83.2-இலிருந்து 9.3-ஐயும் 3.6-ஐயும் கழித்து 4-ஐக் கூட்ட, 74.3 சதுர மீட்டர். கூரையின் உட்புறம் 42 சதுர மீட்டர்.

இனி மரவேலை. சமதளக் கதவின் பரப்பு 2.1, அதனை 1.2-ஆலும் இரு புறத்துக்காக 2-ஆலும் பெருக்க 5.0. கண்ணாடிச் சன்னல்கள் 7.2, அதனை 0.8-ஆலும் 2-ஆலும் பெருக்க 11.5. சன்னல் கிராதிகள் 7.2. மொத்தம் 23.7 சதுர மீட்டர். சுவரில் 9.3 சதுர மீட்டர் இடம் பிடித்த திறப்புகள், எனாமல் கணக்கில் 23.7 ஆகப் பெருகிவிட்டதைக் காண்க. எனாமல் டப்பா பாதி வழியில் தீர்ந்து போவதற்கு இதுவே பொதுவான காரணம்.

சுவரிடம் கேட்டறிதல்

இப்போது மூன்றாவது எண்ணுக்கு வருவோம். டப்பாவின் மேல் "ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு 12 சதுர மீட்டர்" என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அது வழவழப்பான, உறிஞ்சாத பரப்பில் கண்ட அளவு. நம் சுவர் சொரசொரப்பானதாயின், மேடு பள்ளங்களால் அதன் உண்மைப் பரப்பு நாடா காட்டுவதைவிட மிகும். பழைய சுண்ணாம்பு உதிரும் சுவராயின், நுண்துளைகள் வர்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதற்பூச்சு துளைகளை அடைத்துவிடுவதால் இரண்டாவது பூச்சு கூடுதலாகப் பரவும். இவையெல்லாம் சுவருக்குச் சுவர் மாறும்.

ஆகவே ஒரு லிட்டர் டப்பா ஒன்றை மட்டும் முதலில் வாங்கி, கீழ்க்கண்ட சோதனையைச் செய்தல் வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று போதும்.

முதலாவதாக, நிறைந்த டப்பாவை நிறுத்து, பின்னர் காலி டப்பாவின் எடையைக் கழித்து, ஒரு லிட்டர் வர்ணத்தின் எடையைக் கண்டறிக. அது 1,400 கிராம் எனக் கொள்வோம். இரண்டாவதாக, வேலைக்குக் கலக்கவிருக்கும் அதே விகிதத்தில் நீர் கலக்குக. 100 கிராம் வர்ணத்துக்கு 30 கிராம் நீர் எனக் கொள்வோம். மூன்றாவதாக, சாதாரண நிலையிலுள்ள ஒரு சுவர்ப் பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கட்டம் வரைக. நான்காவதாக, கலவைப் பாத்திரத்தையும் நனைத்த பிரஷ்ஷையும் ஒன்றாக நிறுத்து, கட்டத்தை மட்டும் பூசி, மீண்டும் இரண்டையும் நிறுக்க.

முன்பு 2,150 கிராம், பின்பு 1,746 கிராம் என்றால், செலவான கலவை 404 கிராம். அதனை 130-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, வர்ணத்தின் பங்கு 311 கிராம். இதனை 1,400-ஆல் வகுக்க 0.222 லிட்டர். 2 சதுர மீட்டரை 0.222-ஆல் வகுக்க, ஒரு லிட்டர் 9 சதுர மீட்டர் பரவும் என்பது பெறப்படும். அது காய்ந்த பின் இரண்டாம் பூச்சுக்கும் இவ்வாறே செய்ய, செலவு 332 கிராம் கலவை எனின், ஒரு லிட்டருக்கு 11 சதுர மீட்டர் என விடை வரும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் அக்கட்டத்தைப் பார்த்து, பழைய கறை மறைந்ததா என்பதையும் அறிக. மறையவில்லையெனில் பூச்சுகளின் எண்ணிக்கையும் அப்பொழுதே தெரிந்துவிடும்.

இனி நம் வகுப்பறைக்குக் கணக்கிடுவோம். 74.3-ஐ 9-ஆல் வகுக்க 8.26, 11-ஆல் வகுக்க 6.75, கூட்டினால் 15 லிட்டர். டப்பா சொன்ன 12-ஐ நம்பியிருந்தால் 12.4 லிட்டர் என்று வந்திருக்கும். 14 லிட்டர் வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். வேலையின் முடிவில் ஒரு லிட்டர் குறைந்திருக்கும். அதாவது, இரண்டாம் பூச்சில் 11 சதுர மீட்டர், பின்சுவரின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, பூசப்படாமல் நின்றிருக்கும்.

டப்பாக் கணக்கு

சிந்துவதற்கும், ரோலரில் தங்குவதற்கும், பின்னர் ஒட்டுப் போடுவதற்குமாக நூற்றுக்கு 5 சேர்த்தால், 15 லிட்டர் ஏறத்தாழ 15.8 ஆகும். கடையில் 1, 4, 10, 20 லிட்டர் டப்பாக்களே கிடைக்குமாகையால், பத்து லிட்டர் ஒன்று, நான்கு லிட்டர் ஒன்று, ஒரு லிட்டர் இரண்டு, ஆக 16 லிட்டர் வாங்க வேண்டும். சோதனைக்கு வாங்கிய டப்பாவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எப்பொழுதும் இடத்துக்கு இடம் முழு டப்பாவாகவே கணக்கிட நேரும் என்பதற்குக் கர்நாடகத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மைசூரில் 1937-ஆம் ஆண்டு நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கும் வர்ணமும் தயாரிக்கும் ஆலையாகத் தொடங்கி, இன்று மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என வழங்கும் அரசு நிறுவனம், தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் வகுத்த முறைப்படி, 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையைச் செய்து வருகின்றது. 10 மில்லிலிட்டர் குப்பி ஒன்று ஏறத்தாழ 700 பேருக்குப் போதும். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்காளர் ஏறத்தாழ 97 கோடிப் பேர். வெறும் வகுத்தலால் 14 லட்சம் குப்பிகளே போதும் என்று தோன்றும். அனுப்பப்பட்டவையோ 26 லட்சத்துக்கும் மேற்பட்டவை. வாக்குச்சாவடிகள் ஏறத்தாழ 10.5 லட்சம், சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 900-க்கு மேற்பட்ட வாக்காளர். ஒரு குப்பி போதாது. ஒன்றேகால் குப்பி அனுப்ப முடியாது. இரண்டு குப்பி அனுப்பியே ஆக வேண்டும், கையிருப்பும் வேண்டும். பல அறைகளுக்குப் பல நிறம் தேர்ந்தெடுப்போர்க்கும் இதே நிலைதான். நிறங்களின் எண்ணிக்கை கூடக்கூட, முழுமையாகப் பயன்படாத டப்பாக்களின் எண்ணிக்கையும் கூடும்.

கலந்து தரும் நிறங்களில் ஒரு டப்பாவுக்கும் மற்றொன்றுக்கும் சிறு வேறுபாடு நேரலாம். எல்லா டப்பாக்களையும் ஒரே நாளில் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொண்டு தொடங்குவது நலம்.

செலவு மதிப்பீடு

மேற்கண்ட வகுப்பறைக்கு ஒரு மாதிரி மதிப்பீட்டைக் கீழே தருகின்றோம். விலைகளும் கூலியும் கணக்கு முறையை விளக்குவதற்காகக் கொண்டவை. வாசகர்கள் தத்தம் ஊர் விலையை வரியுடன் இட்டுக்கொள்க. சுவரிலும் கூரையிலும் ஐந்தில் ஒரு பங்கு சுரண்டிப் பட்டி பார்க்கப்படுவதாகவும், எனாமல் ஒரு லிட்டர் 12 சதுர மீட்டர் பரவுவதாகவும் கொண்டுள்ளோம்.

சுவர் எமல்ஷன், 16 லிட்டர், லிட்டர் 250 ரூபாய்: 4,000
கூரை வெள்ளை, 9 லிட்டர், லிட்டர் 200 ரூபாய்: 1,800
பிரைமர், 4 லிட்டர், லிட்டர் 150 ரூபாய்: 600
பட்டி, 20 கிலோ, கிலோ 30 ரூபாய்: 600
எனாமல், 4.5 லிட்டர், லிட்டர் 300 ரூபாய்: 1,350
உப்புத்தாள், பிரஷ், ரோலர், தின்னர் முதலியன: 600
பொருள் மொத்தம்: 8,950 ரூபாய்

கூலிக்கு ஆள்நாள் கணக்கே தெளிவானது. சுரண்டுவதற்கு 2, பட்டிக்கும் தேய்ப்பதற்கும் 2, பிரைமருக்கு 1, சுவர் கூரைப் பூச்சுகளுக்கு 4, கதவு சன்னலுக்கு 3, ஆக 12 ஆள்நாள். நாளுக்கு 900 ரூபாய் எனின் 10,800 ரூபாய். பொருளும் கூலியும் சேர்ந்து 19,750 ரூபாய். எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் ஏறத்தாழ 20,740 ரூபாய்.

இக்கணக்கில் கூலியின் பங்கு நூற்றுக்கு 55 என்பதைக் கவனிக்க வேண்டும். சுவர் எமல்ஷனுக்குப் பதிலாக லிட்டர் 150 ரூபாய்க்கு மலிவான வர்ணம் வாங்கினால் மிச்சம் 1,600 ரூபாய். மொத்தச் செலவில் நூற்றுக்கு 8 பங்கே. நல்ல வர்ணம் நான்கு ஆண்டும், மலிவானது மூன்று ஆண்டும் நிலைப்பதாகக் கொள்வோம். முன்னதற்கு ஆண்டுச் செலவு 4,940 ரூபாய். பின்னதற்கு 6,050 ரூபாய். மலிவான வர்ணம் குறைவாகப் பரவி, மூன்றாம் பூச்சும் வேண்டியதாயின், முதலில் மிச்சமான தொகையும் கூலியில் கரைந்துவிடும். ஆள்நாளில் ஐந்து, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கு, பூசுவதற்கு முந்திய ஆயத்த வேலைக்கே போகின்றது என்பதும் கருதத்தக்கது. அந்த ஐந்து நாளைக் குறைத்துக்கொண்டு, கூலியையும் குறைத்துக் கேட்போரின் மதிப்பீடு கவர்ச்சியாகத் தோன்றும். ஓராண்டுக்குள் வர்ணம் செதிலாக உரிந்து விழும்போது அதன் உண்மை விலை தெரியும். ஆகவே மதிப்பீட்டைக் கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேளாமல், பரப்பு, பூச்சுகள், லிட்டர், ஆள்நாள் ஆகிய நான்கையும் எழுதித் தருமாறு கேட்பது இரு சாராருக்கும் பாதுகாப்பு.

ஈரமும் ஈயமும்

பெங்களூர்ப் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஈரச் சுவரில் பூசிய வர்ணம் கொப்புளித்து உரியும். புதுப் பூச்சுச் சுவரில் உப்புப் பூக்கும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒரு முழச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் சுவரில் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவைக்க. தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்தாலோ, சுவர் கறுத்திருந்தாலோ, இன்னும் சில வாரம் பொறுத்தல் வேண்டும். கூரைக் கசிவையும் குழாய்க் கசிவையும் சரிசெய்யாமல் பூசும் வர்ணத்துக்கு எந்த மதிப்பீடும் பொருந்தாது.

பள்ளிகளில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. பழைய எனாமல் வர்ணங்களில், சிறப்பாக மஞ்சள், சிவப்பு முதலிய ஒளிமிக்க நிறங்களில், ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2016-இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய கதவுகளும் சன்னல்களும் இன்றும் ஏராளமாக உள்ளன. அவற்றை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைவிக்கும். ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஆகவே பழைய எனாமலை நீரால் நனைத்தே தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் முகமூடி அணிய வேண்டும். தரையில் தாள் விரித்து, கழிவைத் திரட்டி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விடுமுறை நாட்களில், மாணவர் வராதபோது இவ்வேலையை முடித்தல் நன்று. இவற்றுக்கு ஆகும் சிறு செலவையும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிடில் அது செய்யப்படாமலே போய்விடும்.

வகுப்பறையில் ஒரு பயிற்சி

இச்சோதனையை ஆசிரியர்கள் மாணவர்க்கு ஒரு செய்முறைப் பாடமாகவே நடத்தலாம். ஒரு குழு நாடாவால் சுவரை அளக்கட்டும். மற்றொரு குழு கதவு சன்னல்களைக் கணக்கிடட்டும். மூன்றாவது குழு புதிய வர்ணத்தை எடையிட்டுக் குறிக்கட்டும். பூசும் வேலையைப் பெயிண்டரே செய்யட்டும். வேலை முடிந்தபின் உண்மையில் செலவான லிட்டரைத் தம் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், பரப்பளவு, அடர்த்தி, விகிதம், சராசரி ஆகிய பாடங்கள் அவர்தம் கண்முன்னே சுவரில் நிற்கும்.

களப் பணியாளர்கள் தாம் மேற்பார்வையிடும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதிவைத்தல் வேண்டும்: அளந்த பரப்பு, சோதனையில் கண்ட பரவல், வாங்கிய லிட்டர், எஞ்சிய லிட்டர். நிறத்தின் பெயரையும் எண்ணையும் உடன் குறித்துவைத்தால் ஒட்டுப் போடும்போது உதவும். அடுத்த முறை அதே கட்டடத்துக்கு வர்ணம் பூசும் நாளில், மதிப்பீட்டுக்கு வேறெந்த நூலும் தேவைப்படாது. அக்குறிப்பேட்டின் ஒரு பக்கமே போதுமானது.